பலகைக்கு ஒரு வாளித் தண்ணீர்

என் மருமகன் வீட்டு வாசலில் ஒரு பழைய ஃபைபர் படகைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். வேலை இல்லாத நாட்களில் அதைத் தேய்ப்பதும் விரிசலில் பசை தடவுவதுமாக இருக்கிறார். நாற்றம் சமையலறை வரைக்கும் வருகிறது. "வெயில்ல கெடந்தா காஞ்சு போயிடாதா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஃபைபர் காயாது அத்தை, வருஷக்கணக்கா கெடக்கும்" என்றார். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. படகு என்றால் காயும். காய்ந்தால் பிளக்கும். பிளந்தால் யாராவது ஒருத்தி தண்ணீர் சுமக்க வேண்டும். அந்த ஒருத்தியாக நான் இருந்திருக்கிறேன்.

அது மலாயாவில் அவசரகாலம், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரப் பட்டாளம் சண்டை போட்ட காலம். ஜாசினிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் பால் மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். ரப்பர் ஷீட்டை மலாக்காவுக்கு ஏற்றிப் போய், திரும்பும்போது அரிசியும் சாமானும் ஏற்றி வருவார். எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. சாயங்காலம் கேட்டைப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். வேலைக்குப் போகும்போது கேட்டில் சோதனை. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று எங்களையும் சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். வெறும் வயிற்றோடு மரத்துக்கு மரம் நடந்து திரும்பும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வரும். அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பயம் இல்லை, அலுப்புதான்.

ஒருநாள் லோரி தோட்டத்துச் சாலை வளைவில் திரும்பும்போது மரங்களுக்குள்ளிருந்து சுட்டார்கள். இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டை ஏற்றி இறக்கக் கூடவே போகிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கதவைத் துளைத்து வந்த குண்டு அவர் விலாவில் பட்டது. அப்படியே இவர் தோளில் சாய்ந்துவிட்டார். இவர் லோரியை நிறுத்தாமல் ஜாசின் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். போய்ச் சேரும்போது உயிர் இல்லை. "கதவு வெறும் தகரம் புள்ள" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் லோரியையும் எடுக்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைப் போடுவதற்குள் கை உதறும், சட்டை நனைந்துவிடும். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை கொஞ்ச நாள் பார்த்தார். ஸ்டோரில் பால் நிறுக்கும் வேலையில் விட்டார். பக்கத்துத் தோட்டத்து டிரைவரை இரவல் வாங்கி லோரியை ஓடவைத்தார். பிறகு ஆபிஸில் கணக்கு எழுதும் கிராணியாரிடம் சொல்லி அனுப்பினார்: வருஷக் கடைசிக்குள் இவர் லோரியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகள் அப்போது கைக்குழந்தை. இவர் மறுபடியும் அந்த வளைவில் லோரி ஓட்டுவதை நான் விரும்பவில்லை. தெருவில் நிற்கவும் விரும்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

வழியை இவர் கண்டுபிடித்தார். இவருடைய அக்காளைக் கட்டிக்கொடுத்திருந்தது உம்பாய் பக்கம், கடற்கரையில். அக்காள் புருஷன் கருவாடு காயவைத்து மலாக்கா பசாரில் விற்பவர். "ஒரு சம்பான் மட்டும் இருந்தா நீ இங்கயே வந்துரலாம்லா மச்சான். புடிச்ச மீனையெல்லாம் நானே எடுத்துக்கிறேன்" என்று அவர் சொல்லிவிட்டார். சம்பான் என்றால் சின்ன மரப்படகு; கடற்கரையில் பழசாக ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. கடலுக்குப் போவதை விட்டுவிட்ட ஒரு மலாய்க்காரருடையது. எடுத்துக்கொண்டு போ என்று அவரும் சொல்லிவிட்டார்.

அதை அங்கேயே வைத்துச் சரிபார்ப்பதுதான் புத்தியுள்ளவர் செய்கிற காரியம். ஆனால் இவர் பகலெல்லாம் ஸ்டோரில் நிற்க வேண்டும், சாயங்காலம் கேட் பூட்டுவதற்குள் வேலிக்குள் இருக்க வேண்டும். உம்பாய்க்குப் போய் வேலை பார்த்துவிட்டு வர நேரம் ஏது? அதனால் கடலில் கிடக்க வேண்டிய சாமானைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். மலாக்காவிலிருந்து வெறுமனே திரும்பிய ஒரு நாளில் இரவல் டிரைவர் அதை ஏற்றி வந்தார். முன்னால் உட்கார மாட்டேன் என்று இவர் பின்னால் படகுக்குள்ளேயே உட்கார்ந்து வந்தார். ஜாசின் கடைத்தெருவில் ஒரு மனுஷன் படகில் உட்கார்ந்து ரோட்டில் போவதைப் பார்த்து ஊரே சிரித்ததாம். அவர் ஏன் முன்னால் உட்காரவில்லை என்று எனக்குத் தெரியும், ஆகவே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ரப்பர் கட்டைகளைப் போட்டு அதன்மேல் படகை வைத்தார். உளுத்த பலகைகளைப் பிடுங்கிவிட்டு வேறு பலகை வைத்தார். இடுக்குகளில் கெலாம் மரப்பட்டையை முறுக்கித் திணித்து, அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்துப் பூச வேண்டும். குங்கிலியத்தைப் பொடி செய்ய என் அம்மிதான் கிடைத்தது அவருக்கு. எத்தனை கழுவியும் போகவில்லை. நாங்கள் தின்ற குழம்பெல்லாம் சாமி அறை மாதிரி மணத்தது. தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயும் படகுக்குப் போயிற்று. "எனக்கும் ரெண்டு சொட்டு மிச்சம் வைங்க, சடையா போகுது" என்றேன். "கடக்கரைக்குப் போனா வேணுங்கிற அளவுக்குத் தேங்காதான்" என்றார். அவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்துத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன்.

இடுக்கு பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். படகைக் கவிழ்த்துப் போட்டு என்னை உள்ளே போகச் சொல்வார். உள்ளே இருட்டில் எங்கே வெளிச்சம் கீறலாகத் தெரிகிறதோ, அங்கே நான் விரலால் தட்ட வேண்டும். வெளியிலிருந்து அவர் கரித்துண்டால் கோடு போடுவார். குனிந்து குனிந்து மரம் வெட்டிய இடுப்பு, அதற்குள்ளே மடங்கி உட்கார மாட்டேன் என்று அழும். என்றாலும் ஒரு கீறலையும் நான் விட்டதில்லை. இது மிதந்தால் அவர் லோரியில் ஏற வேண்டாம். அந்த ஒரு நினைப்பில் தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆனால் ஒரு வாரம் அடைத்தால் அடுத்த வாரம் வேறு இடத்தில் வெளிச்சம் வந்தது. படகு தோட்டத்து வெயிலில் காய்ந்துகொண்டே போகிறது என்று எங்களுக்கு உறைக்கவில்லை. இவரும் விடாமல் இறுக்கி இறுக்கித் திணித்தார். ஒருநாள் பெருமழை பெய்தது. பலகைகளெல்லாம் தண்ணீர் குடித்து ஊதி, திணித்ததையெல்லாம் கொழுக்கட்டையிலிருந்து பூரணம் பிதுங்குவது மாதிரி வெளியே தள்ளிவிட்டன. இவர் படகுக்குப் பக்கத்தில் மழையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்காள் புருஷன் அடுத்த முறை வந்தபோது பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சம்பானைக் காய விடலாமா? நெதமும் தண்ணி ஊத்து. வேல முடிஞ்சதும் கல்லப் போட்டுத் தண்ணியில முக்கி வை. பலகை ஊதித் தானா இறுகிக்கும்" என்றார்.

நிதமும் ஊற்று என்று ஆண்கள் சொல்லிவிட்டார்கள். ஊற்றியது நான். லயத்துக்கே ஒரு பொதுக் குழாய். பால் எடைக்குக் கொடுத்துவிட்டு, ஆயாக்கொட்டகையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, வரிசையில் நின்று பிடித்த தண்ணீரில் பாதி படகுக்கு. "கப்பலைக் குளுப்பாட்டியாச்சா?" என்று குழாயடியில் கேட்பார்கள். "ஆச்சு, இனி பவுடர் போடணும்" என்பேன். சிரித்துவிட்டு வந்து, வாளியைக் கீழே வைத்துக் கை விரல்களை நீட்டப் பார்த்தால் விரல்கள் நீளாது. அப்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அழவும் தெம்பு வேண்டும், அது இருக்காது.

இப்படியே படகு தேறிவிட்டது. வருஷம் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஸ்டோருக்குத் தண்ணீர் எடுக்கிற குட்டை வேலிக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி இருந்தது. ஸ்டோர் கிராணியாரிடம் வாயால் கேட்டுவிட்டு, ஆட்களைச் சேர்த்து அங்கே தூக்கிக்கொண்டு போனோம். கல்லை அடுக்கித் தண்ணீரில் முக்கினார். மேல்விளிம்பு மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. மறுபடியும் காய்ந்துவிடுமே என்று பயந்து, தென்னை ஓலைகளை வெட்டிப் போட்டு அதை நன்றாக மூடினார். பிள்ளைக்குப் போர்த்திவிடுவது மாதிரி பார்த்துப் பார்த்து மூடினார். அது வேறு கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ரோந்து வந்த பட்டாளத்தார் கண்ணுக்கு அது காட்டுக்காரர்களுக்காக ஒளித்துவைத்த படகாகத் தெரிந்தது. நான் பால் வாளிகளோடு ஸ்டோருக்கு வந்தபோது குட்டைப் பக்கம் கோடாரிச் சத்தம் கேட்டது. பால் நிறுத்துக்கொண்டிருந்த இவரும் கேட்டார். தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். "அது என்னோட சம்பான், என்னோட சம்பான்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே ஓடினார். அங்கே யாருக்குத் தமிழ் தெரியும்? படகை இழுத்துப் போட்டு அடியைப் பிளந்து முடித்திருந்தார்கள். உடையவன் தானே வந்து நின்றதும் அவரை ஜீப்பில் ஏற்றி ஜாசின் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபிஸுக்கு ஓடினேன். காலில் பால் கறை, தலையில் எண்ணெய் இல்லை. துரை கிராணியாரிடம் ஏதோ இங்கிலீஷில் பேசினார். கிராணியார் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தோட்டத்து லோரி டிரைவர், அவர் இல்லாம வேலை ஓடாதுன்னு தொரை போன்ல சொல்லுவாரு. ஆனா திங்கக்கெழமையிலிருந்து ஓட்டணும். ஓட்டுவாரான்னு கேக்குறாரு."

எந்த லோரியிலிருந்து அவரைக் காப்பாற்றத் தண்ணீர் சுமந்தேனோ, அந்த லோரிதான் அவரை வெளியே கொண்டுவரும் என்றார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஓட்டுவாரு" என்றேன்.

மறுநாள் விட்டுவிட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஓட்டுவேன்னு நீதான் சொன்னியாமே" என்றார். "ஆமா" என்றேன். "வேற என்னத்தச் சொல்லுவ" என்றார். பிறகு சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குட்டைக்குப் போய், உடைந்து கிடந்த பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுப்பெரிக்க என்று நினைத்தேன். அவர் லோரிக் கதவை அளந்து, அந்த அளவுக்குப் பலகைகளை அறுத்தார். கனத்த செங்கால் மரப் பலகை. கதவின் உள்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வரிசை வைத்து அடித்தார். நான் பிடித்துக்கொண்டேன், அவர் ஆணி இறக்கினார். முடிந்ததும் "ஏறி உக்காந்து பாரு" என்றார். அவர் உட்காருகிற இடத்தில் நான் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். பழக்கம், கண் தானாகக் கீறலைத் தேடியது. விலா உயரத்தில், இரண்டு பலகைக்கு நடுவில், நூல் மாதிரி ஒரு இடுக்கு. அங்கே விரலால் தட்டினேன். இவர் வெளியே தகரத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கெலாம் பட்டையை முறுக்கி எடுத்துவந்து அந்த இடத்தில் திணித்தார். இந்த முறை இறுக்கித் திணிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்து கேட் திறந்தார்கள். இவர் லோரியில் ஏறிச் சாவியைப் போட்டார். திருகாமல் உட்கார்ந்திருந்தார். நான் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டியவள், குழாயடிக்குப் போய் வாளியை நிரப்பிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்து பலகைமேல் ஊற்றினேன்.

"என்ன புள்ள பண்ற, காச்சட்டையெல்லாம் நனையுது."

"நனையட்டும். காஞ்சா இடுக்கு விடும்" என்றேன்.

அவர் காலை ஒதுக்கிக்கொண்டார். வாளியில் மிச்சம் இருந்ததையும் அந்த இடுக்கு இருந்த இடத்தில் பார்த்து ஊற்றினேன்.