நான் கொடுத்த வெள்ளிச் சங்கு

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்தோ பதினொன்றோ, சரியாக நினைவில்லை. இங்கிலீஷ் கணக்கில் முப்பத்தைந்து வாக்கில் இருக்கும். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் எனக்குச் சொந்தமாகக் கயிறு திரிக்கும் பட்டறை இருந்தது. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையெழுத்துப் போட வரும், அதற்கு மேல் எழுத வராது. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேரன்தான் எழுதுகிறான். ஆனால் அந்தக் காலத்தில் குளச்சல் கடற்கரையில் போய்க் கேட்டால் தெரியும். என் கயிறு கட்டாத வள்ளத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பட்டறையில் வேலை செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஊறிய தேங்காய் மட்டையை அடித்துத் தும்பு எடுப்பார்கள், ராட்டில் திரிப்பார்கள். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையைக் கொண்டுவந்து தென்னை நிழலில் மணலில் கிடத்துவார்கள். நிழல் நகர்ந்தால் பிள்ளை வெயிலில் கிடக்கும். ஒருநாள் ஒரு பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து மட்டை ஊறுகிற குழியின் விளிம்பு வரை போய்விட்டது. அன்றைக்கே ஓலைக்கொட்டகை ஒன்று போட்டேன். என் கயிற்றிலேயே பன்னிரண்டு தொட்டில் கட்டினேன். மட்டை அடித்துக் கை நசுங்கிப்போன ஒருத்தியைப் பிள்ளைகளைப் பார்க்க வைத்தேன். திருவிதாங்கூரில் எனக்கு முன்னால் எந்த முதலாளியும் இதைச் செய்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். எவனாவது செய்திருந்தால் வந்து சொல்லட்டும்.

அதோடு நின்றிருக்கலாம். எனக்குத்தான் போதாதே! கோட்டாறு ஆசாரியிடம் சொல்லி, பிள்ளைகளுக்குக் கஞ்சித் தண்ணீரும் பாலும் புகட்ட ஒரு வெள்ளிச் சங்கு செய்யச் சொன்னேன். விளிம்பை உள்ளே மடித்து, பூக்கொடி செதுக்கி, நடுவில் என் பெயரின் முதல் எழுத்தையும் பொறித்துக் கொடுத்தார். மட்டை அடிக்கிறவள் பிள்ளையும் வெள்ளியில் குடிக்கட்டும் என்று எல்லார் முன்னிலையிலும் கொடுத்தேன். கொடுக்கும்போது கண்டிப்பாக ஒன்று சொன்னேன். சாம்பலும் மணலும் போட்டுத் தேய்க்கக் கூடாது, வெள்ளி கீறிப்போகும், துணியால் துடைத்தால் போதும் என்றேன்.

அந்த வைகாசியில் கடற்கரையிலிருந்து புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்தாள். எட்டு மாத ஆண்பிள்ளை. முதல் நாளே, தன் பிள்ளைக்குச் சங்கு வேண்டாம் என்று மடியிலிருந்து ஒரு கடல் சிப்பியை எடுத்தாளாம். நான் நேரே போய்க் கேட்டேன்.

“ஏட்டி, வெள்ளி ஒனக்குக் கசக்குதா?”

“எனக்க பயலுக்கு இந்தச் சிப்பி போரும் முதலாளி. அவன் வாய் சின்ன வாய்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. இவளுக்கு இவ்வளவு திமிரா என்று மனதில் போட்டுக்கொண்டேன்.

ஆடிச் சாரல் பிடித்தது. முதலில் ஒரு பிள்ளைக்கு வயிறு இளகியது. பல் முளைக்கிறது என்றார்கள். மறுநாள் இரண்டு, அடுத்த வாரம் ஏழு. வைத்தியர் உரைமருந்து கொடுத்தார். ஒருநாள் நிற்கும், மறுநாள் பழையபடி. பிறகு என் வீட்டிலேயே வந்தது.

எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள். பத்து மாதம். முதலாளி பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு அதே கொட்டகையில்தான் கிடக்கும் என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இரண்டே நாளில் அவள் கண் குழி விழுந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. தொட்டால் தலை தொங்கியது.

பன்னிரண்டு தொட்டிலில் ஒன்றில் மட்டும் பிள்ளை காலை உதைத்துச் சிரித்துக்கொண்டு கிடந்தது. சிப்பிக்காரியின் மகன்!

“எல்லாப் பிள்ளையளும் வாடிக் கெடக்கு, இவளுக்க பய மட்டும் பலாச்சுளை மாதிரி இருக்கான், பாத்தியளா?” என்றாள் ராட்டுக்காரி ஒருத்தி.

“கண்ணு வச்சிட்டா, வேற என்ன?” என்றாள் இன்னொருத்தி.

என் வீட்டுக்காரியும் அழுதுகொண்டே சொன்னாள். “கேட்டியளா, அவள இங்க வச்சிருந்தா நம்ம பிள்ளை நமக்கு இல்ல.”

மறுநாள் காலையில் அவளை வெளியே அனுப்பிவிடுவது என்று கொட்டகைக்குள் போனேன். எனக்குப் பின்னால் பெண்கள் கூட்டம். அவள் தன் பிள்ளைக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

“பிள்ளையத் தூக்கிட்டுக் கெளம்பு. இனி இங்க வேல இல்ல.”

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. எழுந்துபோய் மூலையிலிருந்த வெள்ளிச் சங்கை எடுத்துவந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“போகுதேன். அதுக்கு முன்னால இத ஒண்ணு மணத்திப் பாருங்கோ.”

புளித்த வாடை குப்பென்று அடித்தது. ஓலையிலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்து, மடிந்த விளிம்புக்குள் விட்டு இழுத்தேன். மஞ்சளாகக் கட்டி கட்டியாக வந்தது. எத்தனை நாள் பாலோ! வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. பிள்ளை பார்க்கிறவள், நான் சொன்னபடி சங்கைத் துடைக்கிற துணியைக் காட்டினாள். பிள்ளைகளின் வாயையும் மூக்கையும் துடைப்பது அதே துணிதான்.

சிப்பிக்காரி இரண்டு வருடம் ஒரு மிஷன் ஆசுபத்திரியில் பாத்திரம் கழுவியவளாம். அங்கே ஒரு பிள்ளை வாயில் பட்ட கரண்டியைக் கொதிக்கிற தண்ணீரில் போடாமல் இன்னொரு பிள்ளை வாயில் வைக்க விடமாட்டார்களாம்.

“அத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?” என்று கத்தினேன்.

“சொன்னா கேப்பியளா? உங்களுக்க எழுத்து போட்ட சாதனமாக்கும்.”

சங்கைத் திருப்பி அந்த எழுத்தைப் பார்த்தேன். கீழே வைத்தேன்.

“இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு” என்றேன். அதற்குமேல் அவள்தான் முதலாளி, நான் வேலைக்காரன். மட்டை அடிக்கிறது அன்று நின்றது. பெரிய செம்பை அடுப்பில் ஏற்றித் தண்ணீர் கொதிக்க வைத்தோம். வயிறு இளகிய பிள்ளைகளின் தொட்டில்களைக் கயிறு அடுக்குகிற அறைக்கு மாற்றினோம். அவர்களுடைய துணியைத் தனியாக அவித்துத் துவைத்தோம். யார் பிள்ளையைத் தொட்டாலும் முன்னும் பின்னும் சாம்பல் போட்டுக் கை கழுவ வேண்டும். நான் நுழைந்தபோதும், “கை?” என்றாள். திரும்பிப்போய்க் கழுவிவிட்டு வந்தேன்.

கடற்கரையிலிருந்து சிப்பி பொறுக்கிவரச் சொல்லி, விளிம்பைக் கல்லில் உரசி, ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் சின்னக் கயிறு கட்டினேன். பிள்ளைக்கு ஒரு சிப்பி. எது யாருடையது என்று எழுதிவைக்க எனக்கு எழுத்து வராது, முடிச்சு வரும். முதல் தொட்டிலுக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு. என் மகளுக்கு மூன்று. சாயங்காலம் எல்லாவற்றையும் கயிற்றோடு சேர்த்து வேகவைப்போம். அந்த முடிச்சில் ஒருநாளும் ஒரு பிள்ளையின் சிப்பி மாறவில்லை. அதை மட்டும் நான் தாராளமாகப் பெருமை பேசிக்கொள்ளலாம்.

உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை ஒவ்வொரு சிப்பியாக மகளுக்குப் புகட்டினேன். கக்குவாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி புகட்டுவேன். அவள் ஒன்றுக்குப் போய் எத்தனை நேரமாயிற்று என்று சிப்பிக்காரி கேட்டுக்கொண்டே இருந்தாள். நேற்றிலிருந்து இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு சிப்பி புகட்டினேன். மூன்றாம் நாள் மத்தியானம், மடியில் சூடாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். என் வெள்ளை வேட்டி முழுக்க நனைந்திருந்தது.

“பெஞ்சிட்டா! பெஞ்சிட்டா!” என்று கொட்டகைக்கு வெளியே ஓடினேன். பெண்கள் எல்லாரும் ராட்டை விட்டுவிட்டு வந்தார்கள்.

“முதலாளிக்கு இன்னைக்கித்தான் அபிஷேகம்” என்றாள் சிப்பிக்காரி. பட்டறையே சிரித்தது. கண்ணு வச்சிட்டா என்று சொன்னவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பிள்ளையின் சிப்பியைக் காட்டி, இதைச் செம்பில் எத்தனை நாழி போட வேண்டும் என்று அவளிடமே கேட்டாள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் தேறின. ஒன்றுகூடக் குறையவில்லை. என் வீட்டுக்காரி அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சோறு தின்றாள்.

மகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகளே இருக்கிறார்கள். வெள்ளிச் சங்கும், மூன்று முடிச்சுப் போட்ட சிப்பியும் என் பெட்டியில் ஒன்றாகக் கிடக்கின்றன. பட்டறை, வீடு, வண்டி என்று நான் சம்பாதித்தது ஒவ்வொன்றையும் பற்றி யார் வந்தாலும் உட்காரவைத்துப் பெருமை அடிப்பேன். அந்தப் பெட்டியைத் திறக்கும்போது மட்டும், எனக்குத் தெரியாமலே, முதலில் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வருகிறேன்.