கோட்டுக்குக் கீழே

சரசுவுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் எதுவும் இல்லை. இருந்த ஒன்றிரண்டில் ஒன்று, தன் பையன் லோகேஷைப் பஸ்ஸில் குனிய வைக்கும் சாமர்த்தியம்.

கே.ஆர்.புரத்தில் ஒற்றை அறை வீடு. அங்கிருந்து தினமும் வைட்ஃபீல்டுக்குப் போய், பெரிய அடுக்குமாடி ஒன்றில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறாள். பெண்களுக்குப் பஸ் இலவசமான பிறகு அவள் ஆதாரைக் காட்டினால் போதும். அவள் பயணத்தில் டிக்கெட் எடுக்க வேண்டிய ஒரே ஆள், சனிக்கிழமைகளில் அவளோடு வரும் லோகேஷ்தான். அவன் அப்பா பிரகாஷ் ஹெப்பகோடியில் கம்பெனி வேலைக்குப் போகிறவன், சனிக்கிழமையும் ஷிப்ட் உண்டு. பையனை வேறு எங்கே விடுவது?

லோகேஷுக்கு வீட்டில் ஏழு வயது, பஸ்ஸில் ஐந்து. கண்டக்டர் நெருங்கும்போது சரசு இரண்டு விரலை அவன் பிடரியில் வைப்பாள். உடனே முட்டி மடங்கும், தோள் இறங்கும், வாய் கொஞ்சம் திறந்துகொள்ளும். வாய் திறப்பது அவனே சேர்த்துக்கொண்டது. கதவோரக் கம்பத்தில் போட்டிருக்கும் அளவுக் கோட்டுக்குக் கீழே தலை போய்விடும். இறங்கியதும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நடப்பார்கள்.

இதை அவள் வேலை செய்யும் வீட்டில் நடித்துக் காட்டினாள். அதுதான் அவள் செய்த தப்பு. இல்லாதவர்கள் தங்கள் தந்திரங்களை இருக்கிறவர்களிடம் வேடிக்கையாகச் சொல்லக் கூடாது. அவர்கள் நன்றாகச் சிரிப்பார்கள். ஆனால் மறக்க மாட்டார்கள்.

அந்த வீட்டு அம்மாள் வித்யாலட்சுமி. கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. சரசுவைவிடச் சின்னவள், ஆனாலும் சரசு அவளை "அக்கா" என்றுதான் கூப்பிட வேண்டும். 'மேடம்' என்றால் அந்நியமாக இருக்கிறதாம். பதிலுக்கு அவளும் வாய்க்கு வாய் 'ங்க' போட்டுப் பேசுவாள். மரியாதையில் குறை வைக்கிற குடும்பம் இல்லை அது.

அவளும் அவள் கணவன் ஹரிஷ்குமாரும் மகள் நிதிலாவைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகத் திட்டம் போட்டார்கள். மைசூர் ரோட்டுப் பக்கம் உள்ள பார்க். ஒரு நாள் கூத்துக்கு ஒரு மாதத் திட்டம். எந்த ரைடுக்கு முதலில் ஓட வேண்டும், எங்கே வரிசை குறைவு, குழந்தைக்கு எந்த வேளையில் என்ன ஊட்டுவது என்று ராஜ்ஜியத்தின் மேல் படையெடுக்கிற மாதிரி பேசினார்கள். மூட்டை தூக்கவும் ஊட்டவும் சரசு வருவாள் என்பது பேசாமலே முடிவான விஷயம்.

நிதிலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "லோகேஷ் வந்தாதான் நான் படகுல ஏறுவேன்."

அந்தப் படகு செங்குத்தாக மேலே ஏறி, உச்சியில் ஒரு நிமிஷம் நின்று, தண்ணீருக்குள் விழும். வீடியோவைப் பார்த்தே நிதிலா அழுதாள். லோகேஷ் அழவில்லை. வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "இன்னொரு தபா போடுங்க ஆன்ட்டி" என்றான்.

அப்படித்தான் லோகேஷுக்கு அழைப்பு வந்தது. படகுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு என்பதால் வித்யாலட்சுமி டேப் பிடித்து ஹால் சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். நிதிலாவின் தலை கோட்டை உரசியது. லோகேஷ் அவளைவிட ஒரு விரல் அதிகம். "சூப்பருங்க தம்பி, நீங்கதான் பாப்பாக்குத் துணை" என்று வித்யாலட்சுமி அவன் கன்னத்தைத் தட்டினாள். பிறகு அந்தக் கோட்டைத் துணியால் அழித்தது சரசு.

அன்றிலிருந்து லோகேஷுக்கு வேறு பேச்சே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். உயரம் குறைந்துவிடுமோ என்று தலையணை இல்லாமல் படுத்தான். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டான், ஒருத்தனும் நம்பவில்லை. "ஃபோட்டோ எடுத்து காட்டறேன்டா" என்று சவால் விட்டு வந்திருந்தான். சரசு அவனுக்குப் புது டவுசர் எடுத்தாள். பையன் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே ஆசை தொற்றிக்கொண்டது.

பார்க் வாசலில் ஒரு மரக்கட்டைக் கரடி நின்றது. அதன் நீட்டிய கைக்குக் கீழே தலை போனால் அந்தக் குழந்தைக்கு டிக்கெட் இல்லை. ஹரிஷ்குமார் கார்டை எடுத்துக்கொண்டு கவுண்டரை நெருங்கும்போது, வித்யாலட்சுமி சரசுவின் காதோரம் குனிந்தாள்.

"சரசு, தம்பிய பஸ்ல நிக்கற மாதிரியே நிக்கச் சொல்லிருங்க. எதுக்கு வீணா ஒரு டிக்கெட்டு?"

அவர்கள் காலையில் வழியில் குடித்த காபிக்கு ஆன செலவைப் பார்த்தால் அந்த டிக்கெட் ஒன்றுமே இல்லை. ஆனால் இலவசமாகக் கிடைப்பதில் ஒரு ருசி இருக்கிறது, அது வசதி வந்தால் போகிற ருசி இல்லை. சரசு யோசிக்கவில்லை. சொல்லப்போனால் அக்கா தன் வித்தையை ஞாபகம் வைத்திருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. இரண்டு விரலைப் பிடரியில் வைத்தாள். லோகேஷ் கரடியின் கைக்குக் கீழே அழகாகப் போனான். எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு நீலப் பட்டை, அவன் மணிக்கட்டில் மட்டும் மஞ்சள் பட்டை கட்டினார்கள்.

படகின் வரிசை நீளமாக இருந்தது. வெயிலில் நின்று முன்னால் போய்ச் சேர்ந்தபோது, கதவருகே நின்ற ஊழியர் லோகேஷின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இது சின்ன மக்களுக்குக் கட்டற பட்டை, கொழந்தைங்களுக்கு. படகுக்கு ஆகாது. ஓரமா நில்லுப்பா."

"அண்ணா, நான் ஒயரம்தான். பாருங்க." லோகேஷ் ஓடிப்போய் அளவுப் பலகையில் முதுகை ஒட்டி நின்றான். தலை கோட்டைத் தாண்டி நின்றது.

ஊழியர் பலகையைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். "அப்போ கேட்ல எப்படி விட்டாங்க? டிக்கெட் இல்லாம வந்தீங்களா? யார்ம்மா இந்தப் பையன் கூட வந்தது?"

வரிசை முழுக்கத் திரும்பியது. ஹரிஷ்குமார் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான். வித்யாலட்சுமி முகம் சிவந்து சரசுவைப் பார்த்தாள். திட்டவில்லை, சைகை காட்டவில்லை, வெறுமனே பார்த்தாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்துப் பிரச்சினை முடிந்திருக்கும். அக்காவுக்குத் தலைகுனிவு, அவ்வளவுதான். வேலை போய்விடும் என்று சரசு பயந்தாள். போயிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். பிள்ளை பார்க்க நம்பிக்கையான ஆள் கிடைப்பது வைட்ஃபீல்டில் அத்தனை சுலபம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத்தான் வரும்.

சரசு பலகைக்கு நடந்தாள். "எக்கி நிக்கறான் சார், சேட்டை. ஒழுங்கா நில்றா" என்றாள். இரண்டு விரலைப் பிடரியில் வைத்தாள்.

லோகேஷ் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தான். விளையாடுகிறாளா என்று பார்த்திருப்பான். விரல் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. முட்டி மடங்கியது, தோள் இறங்கியது, வாய் திறந்துகொண்டது. தலை கோட்டுக்குக் கீழே வந்தது.

"பாருங்க சார். சின்னப் பையன்தான்."

"சின்னப் பையன்தானே, அப்போ ஆகாது" என்றார் ஊழியர். அவருக்கும் விட்டது தொல்லை.

நிதிலா ஒரு பாட்டம் அழுதாள். அப்பா தூக்கிப் படகில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டதும் ஓய்ந்தாள். படகு மேலே ஏறியது. லோகேஷ் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து அதைப் பார்க்காமல் தன் மஞ்சள் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். சரசுவுக்குத் தன் கையை வெட்டி எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை, அந்தக் கையால்தான் நிதிலாவுக்குத் துண்டு எடுத்து வைத்தாள்.

நனைந்து சிரித்துக்கொண்டு வந்த வித்யாலட்சுமி லோகேஷுக்குப் பெரிய ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். "அடுத்த வருஷம் வளந்துருவீங்க தம்பி, அப்ப ஏறலாம்" என்றாள். அதை அவள் நிஜமாகவே நம்பிச் சொன்ன மாதிரி இருந்தது. ஐஸ்கிரீம் அவன் கையில் உருகி டவுசரில் வழிந்தது.

திரும்பும்போது அவர்கள் மல்லேஸ்வரத்தில் நண்பர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், தாயையும் பிள்ளையையும் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். கே.ஆர்.புரம் பஸ்ஸில் ஒரே கூட்டம். கண்டக்டர் வந்ததும் சரசு பர்ஸைத் திறந்தாள்.

"பையனுக்கு ஒரு அரை டிக்கெட் குடுங்க சார்."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். லோகேஷ் கம்பத்தை ஒட்டி நின்றிருந்தான். யாரும் தொடாமலே முட்டி மடங்கியிருந்தது.

"இத்தனூண்டு மகுவுக்கு, கொழந்தைக்கு, எதுக்கும்மா டிக்கெட்? வெச்சுக்கோ" என்று நகர்ந்துவிட்டார்.

"நிமிந்து நில்லுடா, கண்ணு. அவர் போய்ட்டாரு."

"வேணாம்மா. நான் குள்ளம்தான்."

"யாருடா சொன்னது?"

"நீதான சொன்ன, அந்த அண்ணாகிட்ட."

சரசு பர்ஸை மூடினாள். அவனை நிமிர்த்திவிடலாம் என்று கையை நீட்டி அவன் பிடரியைத் தொட்டாள். லோகேஷ் இன்னும் கொஞ்சம் குனிந்தான்.