செருப்பு வைக்கும் இடத்தில் கிடைத்த பதில்

அது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. நம் அம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, இந்த எலுமிச்சம்பழ மாலைய உள்ள குடுத்துடுறியா?"

கம்பித் தடுப்பைப் பிடித்தபடி ஓர் அக்கா நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பச்சைச் சேலைக்குக் கீழே விளையாட்டு ஷூ.

"நீங்க வரலையா அக்கா?"

"ஷூவக் கழட்டுனா மல்லாக்க விழுந்துடுவேன். இது வாங்குன கால்." சேலையை லேசாகத் தூக்கிக் காட்டினார். சர்க்கரை நோயால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். "ரெண்டு வருஷமா இங்கேர்ந்துதான் கும்பிடறேன். ஆத்தாவுக்கு என் மூஞ்சியே மறந்திருக்கும்."

எனக்கு அந்த நொடியில் கோயில் மணி, பேருந்துச் சத்தம் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. செயற்கைப் பாதத்தை ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்றபடிதான் பொருத்துவார்கள். ஷூவை எடுத்தால் குதிகால் இறங்கும், உடம்பு பின்னால் சாயும். வகுப்பில் படித்து, தேர்வில் எழுதி, மறந்துபோன வரி. அந்த உயரம் ஒரு சுண்டுவிரல் அகலம்தான். அவருக்கும் அம்மனுக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான்.

மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். என்ன வேண்டினேன் என்று நினைவில்லை. மிதந்துகொண்டிருந்தேன்.

என் நிலையைச் சொல்ல வேண்டும். உயிர்மருத்துவப் பொறியியலில் கடைசி ஆண்டு. செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த அப்பா கேட்பார்: "டாக்டரும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. யாராச்சும் கேட்டா நான் என்னன்னு சொல்றது?" கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக வங்கிக்கும் மென்பொருளுக்கும் போனார்கள். எனக்கும் ஒரு மென்பொருள் நிறுவனம் வேலை தந்தது. மூன்று வாரத்தில், ஒரு திங்கட்கிழமைக்குள், பதில் சொல்ல வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் லிஃப்டில் ஏறி, மாடி எண்ணை அழுத்த மறந்து, கதவு மூடிய பிறகும் அப்படியே நிற்பேன். நான்கு வருடம் எதற்குப் படித்தேன்? வெள்ளிதோறும் சந்நிதியில் ஒரே வேண்டுதல்: "தாயே, வழி காட்டு. தெளிவாகக் காட்டு. எனக்குக் குறிப்பெல்லாம் புரியாது."

அந்த அக்காவின் பெயர் லதா. அன்று வெளியே வந்ததும் அவர் ஷூவின் குதிகால் உயரத்தை அளந்துகொண்டேன். மறு வெள்ளிக்குள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செயற்கைப் பாதத்தின் குதிகாலுக்கு அடியில் வைக்கச் சாய்வான ஓர் அட்டையைப் பிளாஸ்டிக்கில் செய்துவிட்டேன். தெருவைத் தொடாத பொருள், தோல் கலக்காதது, கழுவிக்கொள்ளலாம். சக்கர நாற்காலியின் சக்கரத்தைத் துடைத்துவிட்டு உள்ளே விடுகிறார்களே, அதைப் போல இதையும் விடலாமா என்று குருக்களிடம் கேட்டேன். அவர் தாராளமாகச் சம்மதித்தார். ஆய்வுக்கூடத் தரையில் அழுத்திப் பார்த்தேன். கச்சிதமாக நின்றது.

கோயில் தரை ஆய்வுக்கூடத் தரை இல்லை. குழாயில் கால் கழுவிவிட்டு ஈரத்தோடுதானே நாம் உள்ளே போகிறோம்? பிறந்ததிலிருந்து அந்த ஈரத்தில் நடந்தவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

லதா அக்கா படியேறி இரண்டாவது அடி வைத்தார். அட்டை வழுக்கியது. நான் தோளைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. தட்டிலிருந்த பழங்கள் உருண்டு ஓடின. முதலில் சிரித்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"பரவால்ல லா. நான் வெளியவே நின்னுக்கறேன். ஆத்தாவுக்கு என்ன, வாசல் தெரியாதா?"

அவருடைய செயற்கைக் காலைச் செய்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதைச் செய்திருக்கக் கூடாது. அவசரம் என் பிறவிக் குணம். ஒருவரின் இடுப்பை உடைத்திருப்பேன்.

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. கம்பித் தடுப்பின் அருகே ஆளில்லாத இடம். ரயிலில் வீடு திரும்பும்போது, வேலைக்குச் சம்மதம் என்று மின்னஞ்சல் எழுதினேன். ஜன்னலில் அடுக்குமாடி விளக்குகள் நீந்திப் போயின. அனுப்பும் முன் கண்ணை மூடினேன். அன்று எனக்காக எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "அந்த அக்கா வாசலுக்காவது வரட்டும் தாயே. என்னால் அதுவும் போய்விடக் கூடாது." அழுதுகொண்டே இறங்கினேன். மின்னஞ்சல் அனுப்பாமலே கிடந்தது.

மறுநாள் சனிக்கிழமை மனம் கேட்காமல் மறுபடி கோயிலுக்குப் போனேன். கம்பியைப் பிடித்தபடி லதா அக்கா நின்றிருந்தார்.

"நேத்து வர முடியல நித்யா. உன்னத்தான் தேடுறேன். ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சு, நீ செஞ்ச கூத்தச் சொன்னேன். திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்கங்கறாங்க. வர்றியா, பயந்துட்டியா?"

"முன்னாடியே அவங்ககிட்ட கேட்டிருக்கலாமே அக்கா?"

"கோயிலுக்குப் போறதெல்லாம் ஆஸ்பத்திரில கேப்பாங்களா என்ன?"

திங்கட்கிழமை. நான் பதில் சொல்ல வேண்டிய அதே நாள். எனக்குப் புல்லரித்தது. தெளிவாகக் காட்டு என்று கேட்டேன் அல்லவா? தேதி போட்டே காட்டினாள்.

செயற்கைக் கால் செய்யும் அறை கனவில் வரும் இடம் போல இருந்தது. காற்றில் வெள்ளை மாவுக்கட்டுத் தூள், சுவரோரம் வரிசையாக மனிதக் கால்களின் அச்சுகள். அங்கிருந்த நிபுணர் ஃபைசால் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளிவாசலுக்குப் போகிறவர்களுக்கு அவர் இப்படி ஒன்று செய்து தருவாராம். "எங்களுக்குக் கம்பளம். உங்களுக்கு ஈரத்தரை. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். புது அட்டைக்கு அடியில் வரி வரியாய்ப் பள்ளமிட்ட ரப்பர், மேலே இறுக்கும் பட்டை. அக்காவின் நடையை அளந்து அவர் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். மதியம் சாப்பிட மறந்திருந்தேன். மாலையில், மன்னிக்கவும், வேறு பாதையில் போகிறேன் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். உடனே அனுப்பியும் விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை லதா அக்கா கால் கழுவினார். ஈரத்தில் அடி வைத்தார். நான் மூச்சு விடாமல் பின்னால் நடந்தேன். சந்நிதி முன்னால் நின்று அக்கா மாலையைத் தன் கையாலேயே நீட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஆத்தா, நான்தான்."

அப்பாவிடம் அந்த அட்டையைக் காட்டினேன். விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்" என்றார். இப்போது கேட்பவர்களிடம், "எம்பொண்ணு கால் செய்யப் போறா" என்கிறாராம்.

அடியார்களே, உங்களில் யாராவது பதில் வரவில்லை என்று சோர்ந்திருந்தால், கேட்பதை விட்டுவிடாதீர்கள். நான் மாதக்கணக்காகச் சந்நிதியில் கேட்டேன். அவள் பதிலைச் செருப்பு வைக்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். வரும்போதும் போகும்போதும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.

தேர்வு முடிந்ததும் ஃபைசாலின் அறையில் பயிற்சிக்குச் சேர்கிறேன். இந்தத் துறையை முறையாகப் படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். லதா அக்காவுக்கோ இப்போது தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க ஆசை. சிராங்கூன் சாலையிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோயில் வரை, வெறுங்காலோடு. "அத முடிச்சிட்டு தீமிதிதான்" என்று என்னைப் பயமுறுத்துகிறார். தார்ச்சாலைச் சூட்டுக்கு இந்த ரப்பர் தாங்குமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஃபைசால் வேறு இரண்டு வகை தந்திருக்கிறார்.

வரும் ஞாயிறு காலை முதல் ஒத்திகை. குடத்தில் தண்ணீர். ஒரு பேருந்து நிறுத்தத்திலிருந்து அடுத்தது வரை. அக்கா முன்னால், அளவு நாடாவோடு நான் பின்னால்.