பெயருக்கு நடுவில் ஒரு கோடு

மதிவாணன் இருபத்தொன்பது வருடம் திரைகளைப் பார்த்தே சம்பாதித்தவர். மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையின் கண்ட்ரோல் ரூமில் பேனல் மேன். எட்டுத் திரை, மூன்று ஷிப்ட், ஒரு நாற்காலி. எங்காவது குழாயில் அழுத்தம் ஏறினால் ஹாரன் அலறும். சிவப்புக் கட்டம் ஒன்று மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு மேலே வந்து மின்னும். அவர் ஒரு பொத்தானைத் தட்டுவார், ஹாரன் நிற்கும். சத்தம் காதில் விழுந்தது என்று அர்த்தம். பிறகு எங்கே கோளாறு என்று தேடுவார். கண்டுபிடித்ததும் இரண்டாவது பொத்தான், மின்னுவது நிற்கும். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் இருப்பதற்குத்தான் கம்பெனி தனக்குச் சம்பளம் கொடுக்கிறது என்பார்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி ராஜம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் மேசையில் ஒரு தட்டு. அவள் தேடுவது என்னவென்று புரிந்து எழுந்தால் இன்னொரு தட்டு.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா முத்து உதிர்ந்துடுமா உங்களுக்கு?" என்பாள் ராஜம்மா.

ஒரு தட்டு.

ஓய்வு பெற்ற ஏழாவது மாதம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு முழுதாகப் போய், பாதி மட்டும் திரும்பி வந்தது. இரண்டு சொல், ஒரு மூச்சு, இன்னொரு சொல். இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் எதுவும் நடக்காதது போல இருந்தது.

மகள் லோஷினி அப்போது ஜொகூர் பாருவில் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். படுக்கையின் கால்மாட்டில் பெரிய திரை ஒன்றை நிறுத்தி, மேலே ஒரு கேமரா மாட்டி, இடது கைக்கு எட்டும்படி மவுஸ் வைத்தாள். செய்தி பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், அவள் வேலையிடத்திலிருந்து முகம் பார்த்துப் பேசலாம். நல்ல ஏற்பாடு என்று நினைத்தாள்.

முதல் வாரமே தெரிந்துவிட்டது. செய்தியின் மேல் விளம்பரம் வந்து உட்காரும். அதைத் தள்ளப் போனால் செய்தி மூடிக்கொள்ளும். பேசிக்கொண்டிருக்கும்போது விரல் நழுவினால் மகளின் முகம் எதற்கோ பின்னால் போய்விடும். "காணோம்" என்பார். அந்த வாரத்தில் அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான். எட்டுத் திரையைக் கட்டி ஆண்ட மனுஷன். நான்காம் நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

லோஷினி பழைய மென்பொருளை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டாள். திரையில் எந்தச் சாளரம் எங்கே நிற்கலாம், எது மேலே வரலாம், எது வரக் கூடாது என்று அதட்டி வைப்பதற்கென்றே அதில் ஒரு நிரல் உண்டு.

"அதுக்குப் பேரு விண்டோ மேனேஜர்ப்பா."

மதிவாணன் நிதானமாகச் சொன்னார். "மேனேஜரா. சொன்னா... கேப்பாரா?"

"எழுதிக் கொடுத்தா கேப்பாரு."

"நான் பாத்த... ஒருத்தனும் கேக்கல."

விபத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. பக்கவாதத்தை அவர் விபத்து என்றுதான் சொல்வார்.

அவள் விதிகளை எழுதினாள். செய்தி வந்தால் இடப்பக்கம், பெரிய எழுத்து. பாட்டு வந்தால் வலப்பக்கம், சிறியதாக. மகள் அழைத்தால் முழுத் திரை, எல்லாவற்றுக்கும் மேலே, மூடும் பொத்தான் கிடையாது. கடைசி விதிதான் அவளுக்குப் பெருமை. பெயர் தெரியாத எந்தச் சாளரம் திறந்தாலும் நேராக ஒன்பதாவது திரைக்குப் போக வேண்டும், சத்தமும் அடங்க வேண்டும். ஒன்பதாவது திரை என்பது கண்ணுக்குத் தெரியாத பின்கட்டு. தப்பித் தவறி அப்பா அங்கே போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அதற்குப் போகும் வழியையும் அடைத்துவிட்டாள். ஒரு சின்னக் குறை இருந்தது. புதிய சாளரம் திறக்கும்போது அரை நொடிச் சத்தம் தப்பித்து வெளியே வந்துவிடும். அதைச் சரிசெய்ய அவள் மெனக்கெடவில்லை.

பழைய ஷிப்ட் கூட்டாளி சுகுமாறன் பார்க்க வந்தபோது, மதிவாணன் திரையைக் காட்டி விளக்கினார். அரை மணி நேரம் ஆயிற்று.

"அப்ப இந்த விளம்பரம், கண்ட கருமம் எல்லாம் எங்கலா போவுது?" என்றார் சுகுமாறன்.

மதிவாணன் யோசித்தார். "லோங்காங்."

வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக்குச் சொல்லும் சொல். சுகுமாறன் தொடையைத் தட்டிக்கொண்டு லோஷினியைப் பார்த்துச் சிரித்தார். "அலாமாக்! கம்ப்யூட்டருக்கே லோங்காங் வெட்டிட்டியா, பாப்பா?" அன்றிலிருந்து ஒன்பதாவது திரைக்கு அந்த வீட்டில் அதுவே பெயர்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. அழைப்புக்கான நிரல், தன் விளம்பரத்தையும் முன்பின் தெரியாதவர்களின் அழைப்பையும் மகளின் முகத்தையும் ஒரே மாதிரிச் சாளரமாகத்தான் திறக்கும். தலைப்பில் வரும் பெயரை வைத்து மட்டுமே பிரிக்க முடியும். எந்தப் பெயரை விதியில் போடுவது?

"லோஷினின்னு போட்டா போதும்ப்பா."

"முழுப் பேர்."

"எதுக்கு?"

"என் பேர்... இல்லாம... உன் பேரா?"

அடையாள அட்டையில் இருப்பதுபோலவே போட்டாள். லோஷினி ஏ/பி மதிவாணன். ஏ/பி என்றால் அனாக் பெரம்புவான், மலாயில் மகள். போட்ட உடனே விதி வேலை செய்யாமல் நின்றது. ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு காரணம் தெரிந்தது. அந்தக் கோப்பில் சாய்கோடு வந்தால் பெயர் அங்கே முடிந்தது என்று பொருள். இயந்திரம் 'லோஷினி ஏ' வரை படித்துவிட்டு அப்பாவின் பெயரைக் கழற்றி விட்டிருந்தது. கோட்டுக்கு முன்னால் எதிர்ப்பக்கம் சாய்ந்த இன்னொரு கோட்டைப் போட்டதும் ஒழுங்காக வந்தது.

"உலகத்துல எவனுக்கும் பேருக்கு நடுவுல கோடு கிடையாதுப்பா. நமக்குத்தான்."

மதிவாணன் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அதன் பின் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்கு அவள் அழைப்பாள். அவர் எதையும் அழுத்த வேண்டாம். அனுமதிப் பட்டியலில் உள்ள ஆள் அழைத்தால் நிரல் தானே எடுத்துக்கொள்ளும். மணிச் சத்தம் கேட்டதும் கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒரு தட்டு. அவள் முகம் திரையை நிறைத்ததும் இன்னொரு தட்டு. அதற்குப் பிறகுதான் பேச்சு. பெரும்பாலும் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி ஒன்றரை வருடம் போயிற்று. லோஷினிக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. போகவா வேண்டாமா என்று அவள் இழுத்துக்கொண்டிருந்தபோது, "போ" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். வாரநாட்களில் அங்கே ஓர் அறை, வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வீடு. புதிய இடத்தில் கேமரா உள்ள கைப்பேசியை உள்ளே கொண்டு போகக் கூடாது, ஆபீஸ் கொடுக்கும் கருவிகள் மட்டும்தான். கீழ்த்தளத்து லாக்கரில் வைத்துவிட்டு, சோதனை வாசலைக் கடந்து ஆறாவது மாடிக்குப் போக வேண்டும். மதியம் இறங்கி வந்து, கைப்பேசியில் வழக்கம்போல அழைப்பாள்.

சேர்ந்த முதல் நாள் ஆபீஸ் மடிக்கணினியில், அதே அழைப்பு நிரலில், அவளுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தார்கள். பெயர்: லோஷினி டி/ஓ மதிவாணன். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், மகள் என்பதை ஆங்கிலத்தில்தான் சுருக்குவார்கள், டாட்டர் ஆஃப் என்று. பதிவு செய்த பெண் கைப்பழக்கத்தில் அப்படி அடித்திருந்தாள்.

"நான் ஏ/பி," என்றாள் லோஷினி.

"அதேதானே?" என்றாள் அந்தப் பெண்.

அதேதான். இதற்கெல்லாம் மனு எழுதுவார்களா என்று விட்டுவிட்டாள். அவசரத்துக்கு ஆகும் என்று, வார இறுதியில் வீட்டுக்கு வந்தபோது இந்தக் கணக்கையும் அப்பாவின் அனுமதிப் பட்டியலில் சேர்த்தாள். சாளர விதி இருப்பது வேறு கோப்பு. அதைத் திறக்க அவளுக்குத் தோன்றவில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. அம்மா.

"லோஷி, அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. ஆம்புலன்ஸ் வருதாம். லிப்ட் ரோசாக், ஓடல, நான் கீழ போய் கேட்டத் தொறக்க வச்சு ஆளக் கூட்டிட்டு வரணும். உன் பேரையே சொல்றாரு. ஸ்கிரீன்ல வாம்மா. நான் போறேன்."

வைத்துவிட்டாள்.

கைப்பேசி ஆறு மாடி கீழே. லோஷினி மடிக்கணினியில் அழைத்தாள். இணைப்புக் கிடைத்தது. அப்பா தெரிந்தார். தலையணை சரிந்திருந்தது. வாய் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது.

"அப்பா."

இடது கை ஆள்காட்டி விரல் கம்பியில் ஒரு தட்டுத் தட்டியது.

"அப்பா, நான்தான். அம்மா வந்துடுவாங்க. ஆள் வராங்க."

இரண்டாவது தட்டு வரவில்லை. அவர் கண்கள் திரையின் இடப்பக்கம் போயின. வலப்பக்கம் போயின. மேலே, கீழே, மறுபடி இடது. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். கோளாறு எங்கே என்று தேடும் பேனல் மேனின் பார்வை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டி/ஓ.

அவள் லோங்காங்கில் இருந்தாள்.

அந்தக் கணினிக்குள் வெளியிலிருந்து நுழைய ஒரு வழி வைத்திருந்தாள். அதன் சாவி அவள் அறையில் இருந்த சொந்தக் கணினியில். ஆபீஸ் வலை அந்த வாசலை எப்படியும் திறக்க விடாது. மேசைத் தொலைபேசியில் அம்மாவின் எண்ணை அடித்தாள், லைன் பிஸி. மறுபடி அடித்தாள், அப்போதும் பிஸி. ஆம்புலன்ஸ்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பாள். சுகுமாறன் மாமாவின் எண் லாக்கரில் இருந்த கைப்பேசிக்குள்.

இறங்கி ஓடலாம். மாடி, சோதனை வாசல், லாக்கர். எப்படி ஓடினாலும் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடமும் அவரைப் பார்க்க முடியாது. எழுந்தாள். உட்கார்ந்தாள்.

"அப்பா," என்று கத்தினாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். முதல் அரை நொடிக்கு மேல் சத்தம் போகாது என்று அவளுக்குத் தெரியும். அடக்கும் விதியை எழுதியவள் அவள்தான். இருந்தும் கத்தினாள்.

அவர் உதடு அசைந்தது. சொல் மைக்கில் சன்னமாக வந்தது.

"காணோம்."

பதினோரு நிமிடம். ராஜம்மா இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தபோது விரல் கம்பியின் மேலேயே இருந்தது. அசையவில்லை. வந்தவர்களில் ஒருவரின் முதுகு கேமராவை மறைத்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, லோஷினி அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாள். கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அடைத்த வழியைத் திறந்து ஒன்பதாவது திரைக்குப் போனாள். இரண்டு புதுப்பிப்பு அறிவிப்பு, ஒரு பற்பசை விளம்பரம். அவற்றுக்கு நடுவே, 'அழைப்பு முடிந்தது' என்ற வரியோடு அவள் சாளரம். தலைப்பில் முழுப் பெயர், கோடு, அப்பா பெயர்.

விதிக் கோப்பைத் திறந்தாள். லோஷினிக்கும் மதிவாணனுக்கும் நடுவில் இருந்ததை அழித்துவிட்டு ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரக் குறி போட்டாள். நடுவில் எது வந்தாலும் சரி என்று அர்த்தம். இரண்டே எழுத்து. பத்து விநாடிகூட ஆகவில்லை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது தொழில் பழக்கம். பையிலிருந்து ஆபீஸ் மடிக்கணினியை எடுத்து அழைத்தாள். மணி அடித்தது. அவள் முகம் திரையை நிறைத்துக்கொண்டு வந்தது. முழுத் திரை, எல்லாவற்றுக்கும் மேலே.

மணிச் சத்தம் கேட்டு ராஜம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். வாசலிலேயே நின்று திரையைப் பார்த்தாள்.

"இப்படித்தான் வந்தியா அன்னைக்கு?"

லோஷினி நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டாள்.

"நான் கீழ ஓடிட்டேன். ஆனாலும் மனசுக்கு ஒண்ணுதான் ஆறுதல். நீ இருந்தே." புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "தட்டினாரா?"

"தட்டினாரும்மா."

ராஜம்மா தலையாட்டினாள். எத்தனை தட்டு என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு, "போதும், அத மூடு" என்றாள்.

லோஷினியின் கை மவுஸுக்குப் போனது. திரையின் மூலையில் எதுவும் இல்லை. விதி இப்போது சரியாக வேலை செய்தது. அந்தச் சாளரத்துக்கு மூடும் பொத்தான் கிடையாது.