பாதி வெளுத்த கணவாய்

எழுபதுகளின் நடுவில் ஒரு பல்கலைக்கழகத்தார் நரம்பு ஆராய்ச்சிக்காகத் தூத்துக்குடிக் கடற்கரையில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். கணவாய் மீனுக்கு நரம்பு தடியாக இருக்குமாம், வெறுங்கண்ணாலேயே பார்க்கலாமாம். உயிரோடு கணவாய் பிடித்துவந்து தொட்டியில் பராமரிக்க ஓர் உதவியாளர் தேவை என்று கரையில் சொல்லிவைத்திருந்தார்கள்.

நான் அப்போது அக்கா வீட்டுக்காரரின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்வந்துகொண்டிருந்தேன். கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் வள்ளம்தான்.

"ஏலே, எட்டாங் கிளாஸத் தாண்டாதவன் பல்கலைக்கழகத்துக்குப் போறியாக்கும்? கணவாய்க்குப் பாடம் எடுக்கப் போறியோ?" என்றார் மச்சான்.

"எடுக்கட்டுமே. ஒங்க வள்ளத்துல வாந்தி எடுக்கதுக்கு அது தேவல" என்றாள் அக்கா.

பஸ்ஸில் போகும்போது சான்றிதழ் கேட்பார்களே என்ற கவலை. அங்கே போனால் பேராசிரியர் அதைக் கேட்கவே இல்லை. தொட்டியில் கிடந்த கணவாயைக் காட்டி, "இதைத் தூக்கி அந்தத் தட்டில் வைங்க" என்றார். கூட ஓர் ஆராய்ச்சி மாணவி நின்றிருந்தார்.

பேராசிரியர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. மை பீய்ச்சிவிடுமே என்று எனக்கு உதறல். வள்ளத்தில் என்றால் தூக்கியதுமே கம்பியால் கண்ணுக்கு நடுவில் ஒரு குத்து விடுவோம், மை வராது. மேசையில் நீளமாக ஓர் ஊசி கிடந்தது. யோசிக்குமுன் கை அதை எடுத்துக் குத்திவிட்டது. வரிவரியாக இருந்த கணவாய் சுண்ணாம்பாக வெளுத்தது.

"சார்! மூளையையே குத்திட்டார்!" மாணவி கத்திவிட்டார். "இன்னைக்கு உயிரோட கிடைச்சது இது ஒண்ணுதான்."

"மன்னிச்சிருங்க சார்" என்று வாசலைப் பார்த்து நகர்ந்தேன்.

பேராசிரியர் தட்டின்மேல் குனிந்திருந்தார். "நில்லுங்க. இந்த இடம்தான்னு எப்படித் தெரியும்?"

"அங்கன குத்துனாத்தான் சார் மொத்தமா வெளுக்கும். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் பட்டா வலப்பக்கம் மட்டும் வெளுக்கும். மத்த பாதி அப்பிடியே வரியோட கெடக்கும்."

"ஏன்?"

"தெரியல சார். மச்சான்ட்ட கேட்டா, 'கூடையத் தூக்குலே'ம்பாக."

மாணவி சிரித்துவிட்டார். பேராசிரியர் சிரிக்கவில்லை. "நாளைக்கு ரெண்டு கொண்டு வாங்க. பாதி வெளுக்கிறதை நான் பார்க்கணும்."

மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் போய், வாளித் தண்ணீரில் இரண்டை உயிரோடு கொண்டுவந்தேன். முதல் குத்து நடுவிலேயே பட்டு முழுக்க வெளுத்தது. இரண்டாவதுக்கு ஊசியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிக் குத்தினேன். கோடு கிழித்தமாதிரி ஒரு பாதி வெளுத்தது. மறு பாதியில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. எங்கள் மூன்று பேர் தலைகளும் தட்டின்மேல் முட்டிக்கொண்டன.

"சார், அந்தப் பாதிக்கு இந்தப் பாதி செத்தது தெரியுமா?" இத்தனை வருசம் யாரிடமும் கேட்க முடியாததைக் கேட்டுவிட்டேன்.

அவர் நிமிரவில்லை. "அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம். திங்கட்கிழமை வந்துடுங்க."

வெளியே வந்ததும், பதில் கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்று பயம் பிடித்துக்கொண்டது.