நான் செய்யாத உறை

எனக்கு அவள்மேல் பொறாமை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. கிழக்கேகோட்டையில் ஒரு பழைய கட்டிடத்தின் மாடி அறையை நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, அட்டைப்பெட்டிகளை வடிவமைக்கிறோம். என்னைவிட வயதில் நன்றாகவே சின்னவள். அவள் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்தக் கடை. திருநெல்வேலிப் பேச்சில் மலையாளத்தைக் கலந்துவிட்டு, வருகிறவர்களை எல்லாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொந்தக்காரர்களாக்கிவிடுவாள். எனக்கு அந்த வித்தை வராது. நான் வேலையை ஒழுங்காகச் செய்வேன், அவ்வளவுதான்.

அந்த ஒழுங்கான வேலை எங்கே போகிறது என்று பாருங்கள். லட்டுப் பெட்டி, வேட்டிப் பெட்டி, ஊதுபத்திப் பெட்டி. பெட்டிக்கு மரியாதை திறக்கிற வரைக்கும்தான். பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில், குப்பைத் தொட்டிக்குள் நான் செய்த பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். மூடியின் மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று அப்போதும் எட்டிப் பார்ப்பேன். வெட்கக்கேடுதான், ஆனால் பார்ப்பேன்.

அதனால்தான் விழிஞ்ஞத்திலிருந்து ஒரு இசைக்குழு வந்து, தங்கள் பாட்டுகளை எல்.பி. தட்டாகப் போடுகிறோம், அதற்கு நல்ல அட்டை உறை வேண்டும் என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இசைத்தட்டின் உறையை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். தட்டு கீறல் விழுந்து பாடாமல் போனாலும் உறை அலமாரியில் இருக்கும். நான் செய்த ஒரு பொருள் யார் வீட்டிலாவது தங்க வேண்டும். வேறு ஆசை எனக்கில்லை.

ஆளுக்கு ஒரு டம்மி கொண்டுவரச் சொன்னார்கள். அச்சடிக்காத வெள்ளை அட்டையில் வெட்டி மடித்து ஒட்டிய மாதிரியைத்தான் எங்கள் தொழிலில் டம்மி என்போம். என்னுடையது புத்தகம்போல் இரண்டாக விரியும். முகப்பில் ஒரு அலை வெட்டு, அதன் வழியே உள்ளே இருக்கும் படம் கொஞ்சமாகத் தெரியும். அவளுடையதோ ஒரே மடிப்பு, ஒரு பக்கம் திறப்பு. வேறொன்றும் கிடையாது. பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மழைக்காலம். என் டம்மிக்கு ஈரம் பட்டுவிடுமோ என்று வீட்டில் ஏசி அறையில் வைத்தேன். எந்த லட்டுப் பெட்டிக்கும் நான் செய்யாத உபசாரம் அது. வியர்வையில் கிடந்தவர் என் வீட்டுக்காரர். "எனக்குப் போடாத ஏசியா!" என்றார். அவள் தன்னுடையதை ஆபீஸ் ஜன்னலோரம் போட்டது போட்டபடி விட்டிருந்தாள். அதன்மேல் டீ வட்டம்கூட இருந்தது.

அவள் ஸ்கூட்டரிலேயே விழிஞ்ஞம் போனோம். அவள் டம்மி காலடியில், என்னுடையது கைப்பிள்ளை மாதிரி என் மடியில். பாட்டெழுதும் பையன் வீட்டு மாடியில் எல்லா ஜன்னலும் கடலைப் பார்த்துத் திறந்திருந்தன. என்னுடையதை விரித்ததும் எல்லோரும் வாய் திறந்து பார்த்தார்கள். நான் டீயைக் கையில் எடுத்தேன்.

டீ ஆறுவதற்குள் என் அட்டை கிளம்பிவிட்டது. முதலில் ஒரு மூலை தூக்கியது, பிறகு முகப்பு முழுவதும் எண்ணெயில் விழுந்த பப்படமாக வளைந்தது. ஏசியில் காய்ந்துபோன அட்டை கடற்காற்றின் ஈரத்தை ஒரே மூச்சில் குடித்திருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அப்படிச் சொல்லக்கூட வழியில்லை, கோணலாக நின்றது நான் செய்ததேதான். அவள் அவசரமாகத் தன் டம்ளரை அதன்மேல் பாரமாக வைத்தாள். என்னைக் காப்பாற்றத்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாட்டுக்காரப் பையன் அவளுடையதைக் கையில் எடுத்தான். மழையும் ஈரமும் பழகிய அட்டை, பலகைபோல் நேராக இருந்தது. வீட்டிலிருந்த பழைய தட்டு ஒன்றை உள்ளே செருகி அவன் இழுத்தபோது காற்று மெதுவாக மூச்சுவிட்டு வெளியே வந்தது. இன்னொரு தடவை செருகி இழுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டான்.

"சேச்சி, இது மதி. வேறொண்ணும் வேண்டா," என்றான், அவளைப் பார்த்து. அது ஒன்றே போதுமாம்.

திரும்பும்போது ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே கேட்டாள். "அக்கா, ஏசியிலயா வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பறஞ்சிருப்பேன்லா. இஞ்சத்த அட்டை இஞ்சத்த காத்துலதான் கெடக்கணும்."

லட்டுப் பெட்டி அட்டையை எத்தனை முறை அப்படிப் போட்டு வைத்திருக்கிறேன்! எனக்குத் தெரியாததை அவள் சொல்லவில்லை.

தட்டு வெளிவந்தது. சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். மேசை நடுவில் சாம்பார் பாத்திரம். அதன் அடியில் அவளுடைய உறை. தட்டை உருவிவிட்டு, வெறும் உறையைச் சூடு தாங்க வைத்திருந்தாள்.

"ஏண்டி, இதையா வைப்பே?"

"கைக்குக் கிட்டுனது அதுதான் அக்கா. வேணுன்னா கொண்டு போங்க. எனக்கு இஞ்ச வைக்க ஸ்தலம் இல்ல." சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

கொண்டுவந்துவிட்டேன். நடுவில் சாம்பார் வட்டம் அழுத்தமாக விழுந்திருந்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தும் போகவில்லை. எங்கள் கூடத்து அலமாரியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, விரல் விட்டுத் திறந்து, "நீங்க பண்ணினதா?" என்று கேட்கிறார்கள். "இல்ல" என்கிறேன். உள்ளே எடுத்து வைத்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஒரு உறை ஒரு வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ, அப்படியேதான் அது இங்கே இருக்கிறது.