தொண்டியாகிப்போன இத்தாலி சோபா

அந்த சோபா கடைக்கு வந்த அன்றே என் ஆள்காட்டி விரலின் நகம் போனது.

மூணாறில் எனக்கு ஒரு குஷன் கடை இருக்கிறது. பெரும்பாலும் ஜீப் வேலைதான். சீட்டுக்கு உறை தைப்பேன், படுதா தைப்பேன், படுதாவைத் தாங்கும் இரும்புக் குழாய்களை அளந்து அறுத்துக் கொடுப்பேன். வீட்டுச் சாமான்கள் எப்போதாவது வரும். எஸ்டேட் பக்கம் ஒரு பழைய பங்களாவை விருந்தினர் தங்கும் இடமாக மாற்றிக்கொண்டிருந்த மேடம் ஒருவர், நாலு ஆள் வைத்துத் தூக்கி அதை என் கடையில் இறக்கினார். அவருடைய மாமனார் கப்பலில் இஞ்சினியராக இருந்தவராம். அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் வாங்கிக் கொச்சிக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

ஒல்லியான கறுப்பு இரும்புச் சட்டம், நுனியில் பித்தளை பூண் போட்ட கால்கள், பக்கத்தில் ஒரு லிவர். லிவரை இழுத்தால் முதுகுப் பலகை பின்னால் சாய்ந்து உட்காரும் பலகையோடு சமமாகிவிடும். சோபா கட்டிலாகிவிடும். உள்ளே கட்டியிருந்த ரப்பர் பட்டைகள் காய்ந்து, தொட்டால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தன. ஆனால் ஸ்பிரிங்கில் ஒரு துளி தளர்வு இல்லை. தெரியாமல் லிவரில் கை வைத்தேன். பலகை டமாரென்று விழுந்தது. இரண்டு பலகைக்கும் நடுவே இருந்த கீலில் என் விரல் நசுங்கியது.

மேடம் என் விரலைப் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையைச் சுற்றினார். "இத புதுசாக்க வேண்டாம்," என்றார். "பழசாவே இருக்கணும். ஆனா ஒரு ஆள் நம்பிப் படுக்கணும்."

அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் என் தங்கை வந்தாள். ஒரு பக்கக் காது மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. கம்மலோடு சேர்த்து இழுத்திருக்கிறான் அவள் புருஷன். ஜீப் ஓட்டுகிறவன். அவன் வண்டிக்கு சீட்டும் படுதாவும் தைத்துக் கொடுத்தவள் நான்தான்.

அவள் அப்படி வந்தது முதல் முறை இல்லை. இதற்கு முன்னால் இரண்டு முறை வந்திருக்கிறாள். ஒரு முறை விலா எலும்பில் கீறல் விட்டிருந்தது. இரண்டு முறையும் நானே பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். "கொஞ்சம் பொறுத்துப் போடி, குடிக்காத நேரத்துல நல்லவன்தானே" என்று சொன்னது இந்த வாய்தான். கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு அதைச் சொல்ல என்ன தகுதி இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்த முறை அவள் அழவில்லை. "ஏக்கா, என்னய அனுப்பிராத. அனுப்புனா பொணமாத்தான் வருவேன்," என்றாள். சோறு தின்னும்போது சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் அனுப்பவில்லை.

அவள் கடையிலேயே தங்கினாள். பழைய பட்டைகளைப் பிடுங்குவது, துருவைத் தேய்ப்பது, புதுப் பட்டையை நான் இழுக்கும்போது மறுமுனையைப் பிடிப்பது எல்லாம் அவள்தான். கோட்டயத்திலிருந்து ரப்பர் ஃபோம் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து கரும்பச்சைத் துணி வந்தது. அந்த லிவரை என்னைவிட அவள் நன்றாகப் பழகிக்கொண்டாள். எவ்வளவு இழுத்தால் பலகை அசையும், எந்த இடத்தில் திடீரென விழும் என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படி. விழுந்த பலகையைத் திரும்ப நிமிர்த்த மட்டும் இரண்டு பேர் வேண்டும்.

வேலை முடிய இருந்த சமயம் ஒரு ஹர்த்தால் வந்தது. பஜாரில் ஒரு கடை திறக்கவில்லை, ஒரு வண்டி ஓடவில்லை. நாங்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே லைட்டைப் போட்டு, கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருந்தோம். மணி பதினொன்று இருக்கும். ஷட்டருக்கு அடியில் முதலில் செருப்புக் கால் தெரிந்தது. பிறகு குனிந்து அவன் வந்தான். கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி.

"மதினி, நீங்க தள்ளுங்க. இது எனக்கும் அவளுக்கும் உள்ளது," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குக் கூடுதலாகப் பயத்தைக் கொடுத்தது.

"மாப்ளே, கத்திய கீழ போடுங்க. உக்காந்து பேசுவோம்," என்று கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

நீட்டிய கையில் வெட்டினான். முழங்கைக்குக் கீழே தோல் வாய் திறந்த மாதிரிப் பிளந்தது. வலி தெரியவில்லை. ரத்தம் விரல் வழியாக இறங்கித் தரையில் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. நான் தையல் மெஷின் மேல் சாய்ந்துவிட்டேன். அவன் என்னைத் தாண்டிப் போய், அவள் முடியைப் பிடித்து சோபாவின் மேல் தள்ளி, வயிற்றில் முழங்காலை வைத்தான்.

"எவன்ட்ட போறதுக்குடி அக்காகாரி வீட்ல வந்து ஒக்காந்துருக்க?"

அவன் கத்தியை ஓங்கி இறக்கினான். அவள் உடம்பைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் தரையில் விழுந்தாள். கத்தி துணியைக் கிழித்துக்கொண்டு, முதுகுப் பலகைக்கும் உட்காரும் பலகைக்கும் நடுவிலிருந்த சந்தில் இறங்கியது. இறங்கிய வேகத்தில் அவன் கையும் முழங்கை வரை உள்ளே போனது. கத்தியின் வளைந்த நுனி நாங்கள் இழுத்துக் கட்டியிருந்த ரப்பர் பட்டையில் மாட்டிக்கொண்டது. அவன் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே கத்தியைப் பிடுங்கப் பார்த்தான். கத்தியை விட்டிருந்தால் கையை எடுத்திருக்கலாம். விடவில்லை.

தரையில் கிடந்த என் தங்கை லிவரை இழுத்தாள்.

பலகை விழுந்தது. காய்ந்த விறகை முட்டியில் வைத்து ஒடிப்பது மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு அவன் போட்ட கூச்சல் ஒரு ஆணின் குரல் மாதிரியே இல்லை.

அதற்குப் பின் நடந்ததை நான் போலீஸில் முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றார் வக்கீல். இங்கே எழுதிவிடுகிறேன். அவன் கை மாட்டி, நகர முடியாமல் கிடந்தான். அவனால் எங்களுக்கு இனி ஆபத்து இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் படுதாக் குழாய் ஒன்றை எடுத்து அவனை அடித்தேன். தோளில் அடித்தேன், முதுகில் அடித்தேன், காதோடு சேர்த்து ஒன்று அடித்தேன். "மதினி, போதும் மதினி" என்றான். அதைக் கேட்ட பிறகும் அடித்தேன். ஒவ்வோர் அடிக்கும் என் உடம்பு லேசானது. இரண்டு முறை அவளை பஸ் ஏற்றி அனுப்பியதற்காக என் மேலேயே எனக்கிருந்த கோபமும் அவன் முதுகில்தான் விழுந்தது. இரக்கப்பட்டு நான் நிறுத்தவில்லை. வெட்டுப்பட்ட கையில் குழாய் வழுக்கிக் கீழே விழுந்தது. மூச்சு வாங்கியது. அதனால் நிறுத்தினேன்.

அவ்வளவு நேரமும் என் தங்கை தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் லிவரைப் பிடித்தபடி இருந்தாள்.

"வாடி, பலகையத் தூக்கணும். என் ஒருத்தியால முடியாது."

"கெடக்கட்டும்க்கா."

"செத்துருவாண்டி."

"கெடக்கட்டும்."

அவள் கண்ணைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. கத்தியைப் பார்த்தபோது வந்ததைவிட அதிகம். நான் மண்டியிட்டு அவள் கன்னத்தைப் பிடித்துக் கெஞ்சினேன். என் ரத்தம் அவள் முகமெல்லாம் அப்பியது. "எனக்காக வாடி. நீ ஜெயிலுக்குப் போனா நான் என்ன செய்வேன்?" என்றேன். அவள் மெதுவாக எழுந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம்.

ஹர்த்தால் நாளில் ஓடியது ஆம்புலன்ஸ் மட்டும்தான். வந்ததும் ஒன்றே ஒன்று. மூன்று பேரையும் அதிலேயே ஏற்றினார்கள். அவன் படுத்திருந்தான். அவன் கால்மாட்டில் நான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மேல் சாய்ந்து அவள். கூட வந்த ஆஸ்பத்திரி ஆள் பெயர் எழுதிக்கொண்டே, "இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவளிடம் கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்," என்றாள் அவள்.

போலீஸ் இரண்டு பக்கமும் கேஸ் போட்டது. கத்தியையும் குழாயையும் எடுத்துக்கொண்டார்கள். சோபாவையும் எடுத்தார்கள். "அது வேற ஒருத்தங்க சாமான், சார்," என்று சொல்லிப் பார்த்தேன். "இது தொண்டியாக்கும், கேஸுக்குச் சாட்சிப் பொருள். கோர்ட்டு சொல்லாம தர முடியாது," என்றார் ஏட்டு. அதை ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடிபட்ட பைக்குகளுக்கு நடுவே போட்டார்கள். மூணாறு மழை அதன் மேல் பெய்தது. ஜாமீன் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கரும்பச்சைத் துணி முதலில் கறுத்தது, அப்புறம் வெள்ளையாகப் பூசணம் பிடித்தது.

மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அவரே கடைக்கு வந்தார். என் கையைத் திருப்பித் தையலைப் பார்த்தார். "விரல் மடங்குதா?" என்று கேட்டார். மடக்கிக் காட்டினேன். "அது போதும்," என்றார். தானே வக்கீல் வைத்து, கோர்ட்டில் மனு போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்து சோபாவை மீட்டுக்கொண்டு வந்தார். "எல்லாத்தையும் உரிச்சு மறுபடி செய்," என்றார்.

மறுபடி செய்தோம். துணி, ஃபோம், பட்டை எல்லாம் போயிருந்தது. கீலின் இடுக்கில் துருவோடு சேர்ந்து காய்ந்திருந்ததை என் தங்கை மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள். நான் செய்கிறேன் என்றதற்கு விடவில்லை. சோபா இப்போது பங்களாவின் மாடி அறையில் இருக்கிறது. அதில் படுத்த விருந்தினர் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்கள் என்று மேடம் ஒருமுறை சொன்னார்.

கேஸ் ராஜியில் முடிந்தது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. "அவன் எந்த ஊர்லயும் என் முன்னால வரக்கூடாது, அத எழுதிக் குடுத்தாப் போதும்," என்று என் தங்கைதான் முடிவு செய்தாள். எழுதிக் கொடுத்தான். அவள் கம்பம்மெட்டுக்குப் போய், ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்தாள்.

அவனால் வலது கையை இனி முழுதாக நீட்ட முடியாது. ஜீப்பை விற்றுவிட்டு, பஜாரில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறான். போன மாதம் மீன் வாங்கப் போனபோது நேருக்கு நேர் வந்துவிட்டான். ஒதுங்க இடமில்லை.

"நல்லாருக்கீங்களா மதினி?"

"ம்."

அவ்வளவுதான். மீன் வாங்காமலே திரும்பினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தங்கைக்கு போன் போட்டு, பார்த்தேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஏலக்காயைத் தட்டில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"நீ சாப்டியாக்கா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லடி."

"போயி மொதல்ல சாப்டு. ஞாயித்துக்கிழம வாரேன்," என்று சொல்லி போனை வைத்தாள்.